16800: ஒரு பழைய பாமும் எழுத்துக்கு எண் கிடைத்த கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் கணினிக்காக ஓர் எண் தரும் யூனிகோடு அட்டவணையைப் புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் என்றாவது ஒரு நாள் 'பாமும்' என்ற பெயரில் வந்து நிற்பார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஒரே எழுத்துமுறை இரண்டு தனித்தனி இடங்களில் இருக்கிறது, இரண்டாவது இடத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட எழுத்துகள். ஏன் என்று தேடத் தொடங்கியதில் ஓர் அரசரின் வாழ்நாள் உழைப்பே கண்ணில் பட்டது. எழுத்துருவிலும் நிரலிலும் கைவைக்கும் நண்பர்கள் இதுபற்றி என்னிடம் கேட்ட கேள்விகளையும் நானே தேடி விடை கண்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாமும் எழுத்து எந்த ஊருடையது?

ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டின் மேற்குப் பகுதியில் பாமும் அரசு இருக்கிறது. அதன் தலைநகர் ஃபூம்பான். அங்கே பேசும் மொழிக்கும் பாமும் என்றே பெயர். அந்த மக்கள் தங்கள் வாயால் சொல்வது ஷுபாமெம். அந்த அரசை ஆண்ட இப்ராஹிம் ன்ஜோயா 1896 வாக்கில் தம் மொழிக்கென்று சொந்தமாக ஓர் எழுத்தை உருவாக்கத் தொடங்கினார்.

அரபு எழுத்தும் ஐரோப்பியர்களின் எழுத்தும் உலகில் இருப்பது அவருக்குத் தெரியும். அவற்றில் ஒன்றை எடுத்துத் தம் மொழிக்குப் பொருத்திக்கொண்டிருக்கலாம், பல நாடுகளில் அதுதான் நடந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை.

கனவில் வந்த எழுத்து என்கிறார்களே, உண்மையா?

பாமும் மக்கள் சொல்லிவரும் வரலாறு அப்படித்தான். ஒரு கனவில் ஒருவர் வந்து, ஒரு பலகையில் கையின் உருவத்தை வரைந்து, அதைக் கழுவி, அந்தத் தண்ணீரைக் குடிக்கும்படி ன்ஜோயாவிடம் சொன்னாராம். விழித்ததும் அவர் அப்படியே செய்தார். அப்புறம் தம் மக்களை அழைத்து, பல பொருள்களையும் செயல்களையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லித் தரும்படி கேட்டார். வந்த படங்களைத் திரட்டிச் சீர்படுத்தினார்.

கனவை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பகுதி. தனி ஆளாக அறையில் உட்கார்ந்து எழுதாமல், ஊரைக் கூட்டி வரையச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் இந்த எழுத்து பிறந்தது.

முதலில் எத்தனை எழுத்துகள்? பிறகு எப்படிக் குறைந்தன?

தொடக்கத்தில் ஏறத்தாழ 500. ஒவ்வொன்றும் ஒரு சொல்லையோ செயலையோ குறித்தது. இவை பேச்சை அப்படியே எழுத்தில் பிடிப்பதைவிட நினைவுக்குத் துணையாக இருக்கும் குறிகளாகவே முதலில் பயன்பட்டன. 500 குறிகளை மனப்பாடம் செய்வதும் மற்றவர்களுக்குக் கற்றுத்தருவதும் எளிதில்லை. ஆகவே ன்ஜோயாவும் அவருடன் இருந்தவர்களும் விடாமல் திருத்தினார்கள்.

மொத்தம் ஏழு கட்டங்கள். ஆய்வாளர்கள் இவற்றை ஏ முதல் ஜி வரை எழுத்திட்டுக் குறிப்பார்கள். முதல் கட்டத்தின் பெயர் லேவா, 'நூல்' என்று பொருள். அடுத்து 1899-1900 வாக்கில் ம்பிமா, 'கலந்தது' என்று பொருள். 1902 வாக்கில் எண்ணிக்கை 400-க்குக் கீழே வந்துவிட்டது. 1907-08இல் மேலும் இரண்டு திருத்தங்கள்; எண்ணிக்கை 300-க்கும் கீழே இறங்கியது. 1910 வாக்கில் பெரிய தாவல்: சுமார் 80 எழுத்துகள் கொண்ட அசையெழுத்தாக மாறிற்று. அதன் பெயர் 'அ-க-உ-கு'. முதல் நான்கு எழுத்துகளையே சேர்த்துப் பெயராக்கிவிட்டார்கள், நம் பிள்ளைகள் படிப்பைத் தொடங்குவதை 'அ, ஆ' என்று சொல்வதுபோல. 1918 வாக்கில் கடைசியாக ஒரு திருத்தம் வந்தது. அதை ம்ஃபெம்ஃபெ என்பார்கள், 'புதியது' என்று பொருள்.

படம் எப்படி ஒலியாக மாறியது என்பதை நம் மொழியில் சொன்னால் சட்டென்று விளங்கும். 'கல்' என்ற சொல்லுக்கு ஒரு கல்லின் படம் வரைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கற்றுக்கொள்' என்ற பொருளில் வரும் 'கல்' என்பதை எப்படி வரைவது? படமாக வரைய முடியாது. அதே கல்லின் படத்தைப் போட்டுவிட்டால் படிப்பவர் ஒலியைக் கொண்டு புரிந்துகொள்வார். பிறகு 'பகல்', 'நகல்' என்பவற்றின் கடைசி அசைக்கும் அதே படம் உதவும். இப்படிப் போகப் போகப் படம் பொருளை விட்டு ஒலியோடு மட்டும் நின்றுவிடும். சுமேரியாவிலும் எகிப்திலும் வெகு காலம் எடுத்துக்கொண்ட பயணம் இது. ஃபூம்பானில் பதினைந்து ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தது. மனிதர்கள் எழுத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை இவ்வளவு நெருக்கமாக, கட்டம் கட்டமாக, ஆவணத்தோடு பார்க்கக் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. பழைய கட்டங்களின் எழுத்துகள் ஒவ்வொன்றும் காக்கப்பட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

யூனிகோடில் பாமும் எழுத்து ஏன் இரண்டு இடங்களில் இருக்கிறது?

இன்றும் புழங்கும் கடைசிக் கட்டத்தின் எழுத்துகள் ஓரிடம், கைவிடப்பட்ட பழைய எழுத்துகள் வேறிடம்.

முதல் தொகுதி 'பாமும்'. 2009 அக்டோபரில் வந்த யூனிகோடு 5.2 பதிப்பில் சேர்ந்தது. ஏ6ஏ0 முதல் ஏ6எஃப்எஃப் வரை 96 இடங்கள், அவற்றில் 88 நிரம்பியுள்ளன: 80 எழுத்துகள், இரண்டு மேற்குறிகள், ஆறு நிறுத்தற்குறிகள். எண்களுக்கு நடுவே எழுத்து வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பதினாறடிமான முறையில் 10 முதல் 15 வரை ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று எழுதுவார்கள்.

இரண்டாவது தொகுதி 'பாமும் சப்ளிமென்ட்', அதாவது துணைத்தொகுதி. 2010 அக்டோபரில் வந்த 6.0 பதிப்பில் சேர்ந்தது. 16800 முதல் 16ஏ3எஃப் வரை 576 இடங்கள், அவற்றில் 569 எழுத்துகள். இரண்டையும் சேர்த்தால் 657.

பழைய எழுத்துகளில் ஒன்றை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள்.

துணைத்தொகுதியின் முதல் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். எண் 16800. அதன் முறையான பெயர் 'பாமும் லெட்டர் ஃபேஸ்-ஏ ங்குவே ம்ஃபோன்'. பெயரை இப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும்: பாமும் எழுத்து, ஏ கட்டத்தைச் சேர்ந்தது, ஒலிப்பு 'ங்குவே ம்ஃபோன்'. இதில் 'ம்ஃபோன்' என்றால் அரசர். அட்டவணையில் அடுத்தடுத்து வரும் பல பெயர்களிலும் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது: 16802, 16803, 16804, 16806 எல்லாவற்றிலும் ம்ஃபோன் இருக்கிறார். அரண்மனையில் பிறந்த எழுத்து என்பது பெயர்ப்பட்டியலிலேயே தெரிகிறது.

நீளத்தையும் கவனியுங்கள். முதல் தொகுதியில் எழுத்துகளின் பெயர்கள் 'அ', 'க', 'உ', 'கு' என்று பெரும்பாலும் ஓரசையாக இருக்கும். இங்கோ இரண்டு சொல் சேர்ந்த பெயர். முதல் கட்டத்தில் ஒரு குறி ஒரு முழுச் சொல்லையோ சொற்றொடரையோ தாங்கி நின்றது, கடைசிக் கட்டத்தில் ஓர் அசையைத்தான் தாங்கியது. ன்ஜோயா செய்த வேலை முழுவதும் இந்த இரண்டு பெயர்களுக்கு நடுவே அடங்கியிருக்கிறது.

பெயரில் வரும் 'ஃபேஸ்-ஏ', 'ஃபேஸ்-சி' எல்லாம் அந்த எழுத்து பிறந்த கட்டமா?

இல்லை. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அது அந்த எழுத்து *கடைசியாக* வழங்கிய கட்டம். 'ஃபேஸ்-சி பின்' என்று ஓர் எழுத்து உண்டு. அது ஏ, பி, சி மூன்று கட்டங்களிலும் இருந்தது, டி கட்டத்தில் கைவிடப்பட்டது. ஆகவே பெயரில் சி. நம் 16800 பெயரில் ஏ இருப்பதால், அது முதல் கட்டத்தோடு நின்றுவிட்ட எழுத்து என்று அறியலாம்.

இதிலிருந்து ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ கட்ட ஆவணம் ஒன்றைத் தட்டச்சு செய்ய, பெயரில் 'ஃபேஸ்-ஏ' உள்ள எழுத்துகள் மட்டும் போதாது. பி, சி, டி என்று பெயர் பெற்றவையும் அதில் வரலாம். கடைசிவரை பிழைத்தவை முதல் தொகுதியிலேயே இருக்கும்.

ஒரே எழுத்து மூன்று கட்டங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால்?

யூனிகோடு ஓர் எழுத்தின் அடையாளத்துக்குத்தான் எண் தருகிறது, உருவத்துக்கு அல்ல. அது எந்த எழுத்துமுறைக்கும் பொது. தமிழில் பழைய 'லை' யானைத் துதிக்கையோடு எழுதப்பட்டது, இன்று வேறு மாதிரி எழுதுகிறோம். இரண்டுக்கும் யூனிகோடில் ஒரே எண்கள்தான். எப்படித் தோன்ற வேண்டும் என்பது எழுத்துருவின் வேலை.

பாமுமிலும் அப்படியே. கட்டத்துக்குக் கட்டம் கோடுகள் எளிமையாகிக்கொண்டே வந்தன. ஒரு குறிப்பிட்ட கட்டத்தின் கையெழுத்துத் தோற்றம் அப்படியே வேண்டும் என்றால், அந்தக் கட்டத்துக்கென்று வரைந்த எழுத்துரு வேண்டும். ஆய்வுப் பதிப்பு போடுகிறவர்கள் இதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. எழுத்துகளைத் தட்டச்சு செய்துமுடித்த பிறகு படத்தோடு ஒப்பிட்டு 'உருவம் பொருந்தவில்லையே' என்று எண்ணை மாற்றத் தொடங்கினால் தேடல், அகராதி, வரிசைப்படுத்தல் எல்லாம் கெட்டுவிடும்.

யாரும் எழுதாத எழுத்துகளுக்கு எண் எதற்கு? வீண்தானே?

வீண் இல்லை. ஃபூம்பான் அரண்மனையின் ஆவணக்காப்பகத்தில் பாமும் எழுத்தில் 7,000-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. பாமும் மக்களின் வரலாறும் வழக்கங்களும், மருத்துவக் குறிப்புகள், பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள், வழக்குத் தீர்ப்புகள் இவையெல்லாம் இந்த எழுத்தில் எழுதப்பட்டன. இவற்றைப் படம் பிடித்து வைத்தால் கண்ணால் பார்க்கலாம். ஆனால் படத்துக்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது, ஒரு சொல் எந்த ஆண்டில் வழக்கிழந்தது என்று எண்ணிப் பார்க்க முடியாது, ஒரு வரியை வெட்டி இன்னொரு கட்டுரையில் மேற்கோளாக ஒட்ட முடியாது. எண் இருந்தால்தான் இவை நடக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதில்லை. முந்திரி, காணி, மா என்ற பின்னங்களின் குறிகளை இன்று யாரும் கடைக் கணக்கில் எழுதுவதில்லை. ஆனாலும் பழைய ஓலைகளையும் கணக்கு ஏடுகளையும் பதிப்பிக்க அவை வேண்டும். ஆகவே 2019இல் யூனிகோடு 12.0 பதிப்பில் 'தமிழ் சப்ளிமென்ட்' என்ற தொகுதியில் 51 குறிகள் சேர்க்கப்பட்டன. அதை வரவேற்றவர்கள் பாமும் துணைத்தொகுதியைப் பார்த்து 'எதற்கு இத்தனை' என்று கேட்பது நியாயமாகாது.

இந்த வேலையை யார் செய்தார்கள்?

அடித்தளம் 1950இல் விழுந்தது. இடெலெட் டுகாஸ்ட்டும் ஜெஃப்ரீஸும் அந்த ஆண்டில் பாமும் எழுத்து பற்றிய ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டார்கள்; பழைய எழுத்துகளை அடையாளம் காண முதன்மையான ஆதாரம் அதுதான். பிறகு ஃபூம்பானில் பாமும் எழுத்து, ஆவணத் திட்டம் ஒன்று தொடங்கியது. அரண்மனையைச் சேர்ந்த உமரு ன்ச்சாரேயும் வரலாற்று ஆய்வாளர் கொன்ராட் டுக்ஷெரரும் அதில் முக்கியமானவர்கள். ஆயிரக்கணக்கான ஆவணங்களைப் பார்த்து 2006இல் பயன்படுத்தக்கூடிய முதல் கணினி எழுத்துரு அந்தத் திட்டத்தில் உருவானது. யூனிகோடுக்கு முன்மொழிவு எழுதியதில் மைக்கேல் எவர்சனுக்கும் சார்லஸ் ரைலிக்கும் பெரும் பங்கு உண்டு.

எழுத்து எங்கே பிறந்ததோ அந்த அரண்மனையின் ஆட்களே இதில் இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய நிறைவு தரும் செய்தி. வெளியூரில் உட்கார்ந்து நூலை மட்டும் பார்த்து எண் கொடுத்த எழுத்துமுறைகளும் உண்டு.

சரி, கணினிக்குள் 16800 எப்படிச் சேமிக்கப்படுகிறது?

இது பதினாறடிமான எண். நாம் வழக்கமாக எழுதும் எண்ணில் 92,160. யூனிகோடின் முதல் 65,536 இடங்களை அடிப்படைத் தளம் என்பார்கள். இந்த எண் அதைத் தாண்டியது, ஆகவே இரண்டாம் தளத்தில் இருக்கிறது.

யூனிகோடு எண்ணைக் கோப்பில் பைட்டுகளாக எழுத யூடிஎஃப்-8, யூடிஎஃப்-16 என்ற முறைகள் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் நான்கு பைட்டுகள்: எஃப்0, 96, ஏ0, 80. யூடிஎஃப்-16 முறையில் ஒற்றை அலகில் அடங்காது, டி81ஏ, டிசி00 என்று இரண்டு அலகுகளாகப் பிரிந்து நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க: இன்றைய எழுத்துகளில் முதலாவதான 'அ', எண் ஏ6ஏ0, அடிப்படைத் தளத்திலேயே இருக்கிறது. அதற்கு யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகள் போதும்: ஈஏ, 9ஏ, ஏ0.

ஆக, ஒரே மொழியின் புதிய எழுத்துகள் மூன்று பைட்டு, பழையவை நான்கு பைட்டு. 'பாமும் நன்றாக வேலை செய்கிறது' என்று புதிய எழுத்துகளை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டுச் சொல்லாதீர்கள்.

நிரலில் 16800 என்று எழுதினேன். வெற்றிடமும் ஒரு பூஜ்யமும் வந்தது. ஏன்?

எனக்கும் இது நடந்தது, அரை நாள் எழுத்துருவைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். காரணம் எழுத்துருவில் இல்லை.

பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் பின்சாய்கோடு போட்டுச் சின்ன யூ எழுதினால், அதற்கு அடுத்த *நான்கு* இலக்கங்களை மட்டுமே நிரல் எடுத்துக்கொள்ளும். 16800 என்பதில் முதல் நான்கு 1680. அது பழைய அயர்லாந்தின் ஓகம் எழுத்துமுறையில் வரும் இடைவெளிக் குறி! மிச்சமிருக்கும் 0 தனியாக ஒட்டிக்கொள்ளும். கேமரூனுக்குப் போக வேண்டியவர் அயர்லாந்தில் இறங்கிவிடுகிறார்.

பைத்தானில் பின்சாய்கோட்டுக்குப் பின் பெரிய யூ எழுதி எட்டு இலக்கமாக 00016800 என்று கொடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் சின்ன யூவுக்குப் பின் நெளிவு அடைப்புக்குள் 16800 என்று எழுத வேண்டும்; 2015 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. எச்டிஎம்எல் பக்கத்தில் 𖠀 என்று எழுதினால் போதும்.

இன்னொன்று: ஜாவாஸ்கிரிப்டில் இந்த ஓர் எழுத்தின் நீளத்தைக் கேட்டால் 2 என்று சொல்லும், யூடிஎஃப்-16 அலகுகளை எண்ணுவதால். எழுத்துச் சரத்தைப் பாதியில் வெட்டும் நிரல் இருந்தால் எழுத்து உடைந்துபோகும். பைத்தான் 3இல் 1 என்றே வரும்.

தரவுத்தளத்தில் சேமித்தால் புதிய எழுத்துகள் நிற்கின்றன, பழையவை மட்டும் பிழை தருகின்றன.

மைஎஸ்கியூஎல் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் 'யூடிஎஃப்8' என்ற பெயரில் வெகுகாலமாக இருந்தது மூன்று பைட்டு வரைதான் ஏற்கும். நான்கு பைட்டுக்கு 'யூடிஎஃப்8எம்பி4' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். அட்டவணை, நெடுவரிசை, இணைப்பு மூன்றிலும் மாற்றுங்கள். ஒன்றில் விட்டாலும் சிக்கல்தான். 8.0 பதிப்பிலிருந்து இதுவே இயல்பான தேர்வு.

திரையில் வெறும் பெட்டி தெரிகிறது.

எழுத்துரு இல்லை. கூகுளின் நோட்டோ சான்ஸ் பாமும் எழுத்துருவை இலவசமாகப் பதிவிறக்கி நிறுவுங்கள். அதில் பழைய எழுத்துகளும் இருக்கின்றன. எண் சரியாக இருந்து பெட்டி மட்டும் தெரிந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது என்று பொருள். கேள்விக்குறி தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும், பெரும்பாலும் எங்கோ மாற்றும்போது எழுத்து தொலைந்திருக்கும்.

எப்படித் தட்டச்சு செய்வது?

ஓரிரு எழுத்துகள் என்றால் மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் லிப்ரேஆஃபிஸிலும் 16800 என்று எழுதி, ஆல்ட் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தினால் எண் எழுத்தாக மாறும். லினக்ஸில் பல இடங்களில் கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தி எண்ணைக் கொடுக்கலாம். நூற்றுக்கணக்கில் எழுத வேண்டும் என்றால் இப்படிக் கட்டுப்படியாகாது. ஒலிப்பெயரை எழுதினால் எழுத்தாக மாற்றிக் கொடுக்கும் ஒரு சிறு நிரலை எழுதிக்கொள்ளுங்கள்; பெயர்ப்பட்டியல் யூனிகோடின் தரவுக் கோப்பில் தயாராகவே இருக்கிறது.

பாமும் எண்களுக்குத் தனி இலக்கங்கள் உண்டா?

இன்றைய வரிசையின் கடைசிப் பத்து எழுத்துகள் அசையாகவும் இலக்கமாகவும் இரட்டை வேலை செய்கின்றன. 'மோ' என்ற எழுத்துதான் 1, 'ம்பா' 2, 'தெத்' 3. பத்தாவதான 'கோகோம்' முதலில் 10-ஐக் குறித்தது. பதின்மக் கணக்குமுறை வந்ததும் அதையே பூஜ்யமாக மாற்றிக்கொண்டார்கள். நம்முடைய பழைய முறையிலும் ௰ என்று பத்துக்குத் தனிக் குறி இருந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பத்தும் யூனிகோடில் 'எண்ணெழுத்து' என்ற வகையில் வைக்கப்பட்டுள்ளன, சாதாரண எழுத்தாகவோ இலக்கமாகவோ இல்லை. விளைவு என்ன தெரியுமா? பைத்தானில் 'மோ'வைக் கொடுத்து 'இது எழுத்தா' என்று கேட்டால் இல்லை என்கிறது, 'இது இலக்கமா' என்றாலும் இல்லை என்கிறது, 'எண் மதிப்பு உண்டா' என்று கேட்டால்தான் ஆம் என்கிறது. எழுத்து அல்லாதவற்றை நீக்கிச் சுத்தம் செய்யும் நிரல்களில் இந்தப் பத்து அசைகளும் காணாமல் போய்விடும். பாமும் உரையைக் கையாளும் யாரும் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

மேற்குறிகளும் நிறுத்தற்குறிகளும்?

மேற்குறிகள் இரண்டு. 'கோக்ன்டோன்' எந்த எழுத்தின் மேலும் வரலாம். பெரும்பாலும் அசையின் கடைசி உயிரைத் தொண்டையில் அடைத்து ஒலிக்கச் செய்யும். 'துக்வென்திஸ்' 13 எழுத்துகளோடு மட்டுமே வருவதாக அறியப்பட்டுள்ளது. பொதுவாக அது முழு அசையை அதன் கடைசி மெய்யாகக் குறுக்கும். ஓரளவு நம் புள்ளி செய்கிற வேலை.

முற்றுப்புள்ளி, காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, கேள்விக்குறி இவை ஐரோப்பிய வழக்கில் உள்ளவற்றைப் போன்ற பயன்பாடு கொண்டவை. ஆறாவதான 'ன்ஜேம்லி' தனித்தன்மை உள்ளது. இயற்பெயர் வருகிறது என்று முன்கூட்டியே காட்டவும், சொல்லின் பொருளை மாற்றவும் முதல் கட்டத்திலிருந்தே வழங்கிய குறி. உருவம் மாறிவிட்டது, குறி இன்றும் இருக்கிறது.

பழைய கட்டங்களின் எழுத்துகளில் அமைந்த ஆவணங்களைப் பதிப்பிக்கும்போது இந்த நிறுத்தற்குறிகளை நீங்களாகச் சேர்க்காதீர்கள். மூல ஏட்டில் உள்ளதை மட்டும் எழுதுங்கள்.

'லாம்' என்ற சொல்லில் மூன்று எழுத்து எப்படி?

'லாம்' என்றால் திருமணம். பாமும் எழுத்தில் ல, அ, ம் என்று மூன்று எழுத்துகளை அடுத்தடுத்து எழுதுவார்கள். வாயில் ஓர் அசை, தாளில் மூன்று. 80 எழுத்துகளால் மொழியின் எல்லா அசைகளையும் நேராகக் காட்ட முடியாததால் இப்படிச் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது. அசை எண்ணிக்கையும் எழுத்து எண்ணிக்கையும் ஒன்று என்று நினைத்து நிரல் எழுதக் கூடாது.

முதல் கட்டத்தில் எந்தப் பக்கமாக எழுதினார்கள்?

மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கீழிருந்து மேல் எல்லாம் இருந்தன. வலமிருந்து இடம் மட்டும் தவிர்க்கப்பட்டது. அக்கம்பக்கத்து ஹவுசா மக்கள் எழுதிய அரபு எழுத்தின் திசை அது. இரண்டாம் கட்டத்திலிருந்து இடமிருந்து வலம் என்று நிலைத்துவிட்டது. யூனிகோடிலும் எல்லா எழுத்துகளுக்கும் அதுவே திசை. பழைய ஏட்டின் நெட்டுவரி அமைப்பைக் காட்ட விரும்பினால் அதைப் பக்க வடிவமைப்பில்தான் செய்ய வேண்டும்.

16800இன் பெயரில் பிழை இருப்பதாகத் தெரியவந்தால் திருத்துவார்களா?

மாட்டார்கள். ஒருமுறை வந்த எண்ணும் பெயரும் என்றைக்கும் மாறாது என்பது யூனிகோடு கொடுத்திருக்கும் உறுதி. பிழை உறுதியானால், பழைய பெயரை அப்படியே வைத்துவிட்டு, திருத்திய பெயரைக் கூடுதலாகப் பதிவு செய்வார்கள். எழுத்தை நீக்கவோ இடம் மாற்றவோ முடியாது. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இன்று நீங்கள் சேமிக்கும் கோப்பு ஐம்பது ஆண்டு கழித்தும் அதே எழுத்தைக் காட்ட வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது.

புதிதாக எழுத்து கண்டுபிடிக்கப்பட்டால் இடம் இருக்கிறதா?

முதல் தொகுதியில் 8, துணைத்தொகுதியில் 7 இடங்கள் காலியாக உள்ளன. ஆனால் காலி இடம் இருப்பதே காரணமாகாது. எந்த ஆவணத்தில் வருகிறது, ஏற்கெனவே உள்ள எழுத்தின் வேறு வடிவம்தானா என்பதையெல்லாம் சான்றோடு எழுதி முன்மொழிய வேண்டும்.

ன்ஜோயாவுக்கு என்ன ஆயிற்று? எழுத்து ஏன் தேய்ந்தது?

அவர் பள்ளிகள் திறந்தார், அந்த எழுத்தில் படிக்கக் கற்றுத்தந்தார், அச்சிடுவதற்காகச் செம்பில் எழுத்து வார்க்கவும் முயன்றார். முதல் உலகப் போருக்குப் பின் அந்தப் பகுதி ஜெர்மானியர் கையிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்குப் போனது. பிரெஞ்சு நிர்வாகம் அவருடைய அதிகாரத்தைப் பறித்தது, பாமும் எழுத்தைக் கற்பித்த பள்ளிகள் மூடப்பட்டன. 1931இல் அவர் யாவுண்டேவுக்கு அனுப்பப்பட்டார். 1933இல் அங்கேயே இறந்தார். அச்சுக்கூடம் கைகூடவில்லை.

அவர் இறந்து 76 ஆண்டுகளுக்குப் பிறகு இன்றைய எழுத்துகளுக்கும், அடுத்த ஆண்டே பழைய எழுத்துகளுக்கும் எண் கிடைத்தது. செம்பில் வார்த்து முடிக்க முடியாமல் போன எழுத்தை இன்று யாரும் ஒரு கோப்பில் எழுதலாம்.

நான் தொடங்க விரும்புகிறேன். முதலில் என்ன செய்வது?

எழுத்துருவை நிறுவுங்கள். யூனிகோடு தளத்தில் இரண்டு தொகுதிகளின் அட்டவணைகளையும் இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தொகுதியின் 80 எழுத்துகளைக் கையால் ஒருமுறை எழுதிப் பாருங்கள். அப்புறம் ஒரு வெற்றுக் கோப்பில் 16800-ஐயும் ஏ6ஏ0-ஐயும் அடுத்தடுத்து வைத்து யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, மூடித் திறந்து, இரண்டும் அப்படியே வருகின்றனவா என்று பாருங்கள். கோப்பின் அளவு ஏழு பைட்டு காட்டினால் எல்லாம் சரி.